இருநூற்று முப்பத்து மூன்றால் வகுபடும்

ஐம்பத்து மூன்று கோடியே அறுபத்தெட்டு லட்சத்து எழுபதாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று. ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் காலையிலேயே என் கை நின்றிருக்கும். நிற்கவில்லையே. கேள்வித்தாளில் இதை 2²⁹ − 1 என்று சுருக்கிப் போட்டிருக்கிறார்கள், சுருக்கிவிட்டால் எந்தப் பூதமும் சாதுவாகத்தான் தெரியும். இரண்டை இருபத்தொன்பது தடவை பெருக்கு, ஒன்றைக் கழி, இது பகா எண் என நிறுவுக, பத்து மதிப்பெண். அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது என்று காட்ட வேண்டும். பல்கலைக்கழகம் கொடுத்த விடைக்குறிப்பு ஒன்றரை வரி. 29 பகா எண், எனவே 2²⁹ − 1 பகா எண். அவ்வளவுதான். காலையிலிருந்து இருபத்திரண்டு பிள்ளைகள் அந்த ஒன்றரை வரியைத் திருப்பி எழுதியிருக்கிறார்கள், நானும் சிவப்புப் பேனாவால் இருபத்திரண்டு பத்துகள் போட்டிருக்கிறேன், ஒவ்வொரு பத்துக்கும் கீழே ஒரு கோடு வேறு. இப்போது இருபத்து மூன்றாவது தாள் முன்னால் கிடக்கிறது. மணி இரண்டரை. மே மாதத்து வெயில் ஹாலின் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, மின்விசிறி சுற்றுவது தாள்களைப் பறக்கவிடத்தானே தவிர எங்களுக்காக இல்லை, முப்பது ஆசிரியர்கள் முப்பது மேசைகளில் குனிந்து கட்டுக் கட்டாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம், பக்கத்து மேசையில் மைதீன் பாத்து மேடம் தாள்கள் பறக்காமலிருக்கத் தண்ணீர் பாட்டிலை மேலே வைத்திருக்கிறார். இந்தத் தாளில் ஒன்றரை வரி இல்லை, ஐந்து பக்கம் இருக்கிறது. முதலில் முழு எண்ணையும் எழுதி, இலக்கங்களைக் கூட்டினால் நாற்பது, ஆகவே மூன்றால் வகுபடாது. கடைசி இலக்கம் ஒன்று, ஆகவே ஐந்தால் வகுபடாது. அப்புறம் ஏழு. ஏழால் நீள் வகுத்தல், மீதி மூன்று. பதினொன்று, மீதி ஐந்து. பதின்மூன்று, மீதி ஐந்து. பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று. பொடி எழுத்து, நீல மை, ஒரு வகுத்தலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு. என்ன பண்ணிக்கொண்டிருக்கிறது இந்தப் பிள்ளை, பைத்தியமா என்றுதான் முதலில் எரிச்சலாக வந்தது. பக்கத்தைத் திருப்பினேன், இன்னும் வகுக்கிறது. நாற்பத்து மூன்றுக்கு மீதி ஒன்று. தொண்ணூற்றேழில் தப்புப் பண்ணி, அடித்து, பக்கத்திலேயே மறுபடி வகுத்து, மீதி அறுபத்து நான்கு. நூற்றுப் பதின்மூன்றுக்கு மீதி ஒன்று. நூற்று இருபத்தேழுக்கும் மீதி ஒன்று. ஒன்றே ஒன்று! அந்த இடத்தில் என்ன நினைத்திருக்கும் அந்தப் பிள்ளை? கண்காணிப்பாளர் இன்னும் ஒரு மணி நேரம் என்று சொல்லியிருப்பார், மற்றவர்களெல்லாம் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள், இது மட்டும் நூற்று முப்பத்தொன்றால் வகுத்துக்கொண்டிருந்திருக்கும். ஐந்தாவது பக்கத்தின் அடியில் 233. மீதி பூச்சியம். பூச்சியத்தைச் சுற்றி வட்டம்கூடப் போடவில்லை. அதற்குக் கீழே மூன்று வரி. ‘கேள்வியில் பகா எண் என்று உள்ளது. ஆனால் 233ஆல் மீதியின்றி வகுபடுகிறது. மூன்று முறை சரிபார்த்தேன்.’

எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தெட்டு நீள் வகுத்தல்கள். கடைசிக் கேள்விக்கு ‘தேற்றம்:’ என்று மட்டும் எழுதியிருக்கிறது, அதற்குள் மணி அடித்திருக்கும். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், கால்குலேட்டர் கிடையாது, விடைக்குறிப்புத் தாளின் முதுகில் நானே வகுத்தேன். பூச்சியம்தான். மறுபடி வகுத்தேன். பூச்சியம். பேனாவை மூடினேன், என்மேலேயே ஆத்திரம் வந்தது. ஏனென்றால் எனக்குத் தெரியும், ஜெபக்கனி, உனக்குத் தெரியும்! வருஷா வருஷம் வகுப்பில் நீதானே கரும்பலகையில் எழுதுகிறாய், பதினொன்று பகா எண், ஆனால் இரண்டின் அடுக்கு பதினொன்று கழித்தல் ஒன்று இரண்டாயிரத்து நாற்பத்தேழு, அது இருபத்து மூன்று பெருக்கல் எண்பத்தொன்பது, ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது, நல்லாக் கேட்டுக்கோங்க பிள்ளைகளா, போதாது. தொண்டை வறளச் சொல்லிவிட்டு இங்கே வந்து அதே தப்புக்கு இருபத்திரண்டு பத்துகள். யோசிக்கவே இல்லை. குறிப்பு சொன்னது, கை போட்டது. இந்தத் தாள் என் கட்டில் ஆறாவதாக வந்திருந்தால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பசியோடு திருத்தும் நேரத்தில் வந்திருந்தால், ‘பகா எண் அல்ல’ என்ற கடைசி முடிவைப் பார்த்துவிட்டு ஐந்து பக்கத்துக்கும் குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்திருப்பேனோ? இழுத்திருப்பேன். அதுதான் எரிகிறது.

தாளை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். ஆதிமூலம் சார்தான் எங்கள் பாடத்துக்குத் தலைமைத் தேர்வாளர், மேடையில் கரும்பலகைக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. “சார், பதினேழாவது கேள்வி தப்பு” என்றேன். “குறிப்பு பாத்தீங்கள்ல மேடம்?” “குறிப்பும் தப்பு சார். இந்தப் பிள்ள வகுத்துக் காட்டியிருக்கு. நானும் வகுத்துப் பாத்துட்டேன்.” தாளை வாங்கக் கை நீட்டவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார், நல்ல சிரிப்புத்தான், அதுதான் மோசம். “எத்தன வருஷமா திருத்த வர்றீங்க?” “பதினாலு வருஷம் சார்.” “கௌரவ விரிவுரையாளர்தானே?” அந்தத் ‘தானே’ நேராக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. கௌரவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி எடுப்பார்களா மாட்டார்களா என்று காத்திருப்பதற்கு. “இந்த நிரூபணம் என்னோட கைடுல இருக்கு மேடம். ஆறாவது பதிப்பு. ஆயிரம் பிள்ளைங்க அதப் படிச்சு எழுதிப் பாஸாயிருக்கு. இன்னைக்கு ஒரு பிள்ள வகுத்துச்சுன்னு எல்லாத்தையும் பிரிக்க முடியுமா? சரி, அத விடுங்க. இது இல்லாம அந்தத் தாள்ல எவ்வளவு வருது?” “இருபத்து நாலு.” “பாஸ் முப்பது. ஆறு போட்டுருங்க. யாரு பெத்த பிள்ளையோ, பாவம், நம்ம கையால ஃபெயிலாக வேண்டாம்.” பாவமாம்! யாருக்குப் பாவம்? நாற்பத்தெட்டு தடவை வகுத்த பிள்ளைக்குப் பாவமா? கீழே இறங்கி வந்தேன், கால் செருப்புக்குள் வழுக்கியது, வேர்வை.

உட்கார்ந்தேன். மைதீன் பாத்து மேடம் தலையைத் தூக்காமலே கேட்டார், “என்னவாம்?” சொன்னேன். “ஆறு போட்டு விடுங்க மேடம், எதுக்கு வம்பு. பிள்ள பாஸாயிரும்லா? அதுக்கு அது போதும்.” பேனாவைத் திறந்தேன். ஆறு. ஒரு வளைவுதான், கை ஒருதரம் சுழன்றால் முடிந்தது, பிள்ளை தேறிவிடும், ஜூனில் எனக்கும் கடிதம் வந்துவிடும், அந்த மனிதரின் கைடு ஏழாவது பதிப்புக்குப் போய்விடும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஐம்பத்து மூன்று கோடியே சொச்சம் பகா எண்ணாகவே இருந்துவிடும், எங்கள் மாவட்டத்தில், எங்கள் பல்கலைக்கழக எல்லைக்குள், உலகத்தில் வேறெங்கும் இல்லாதபடி! ஆறு போட்டால் என்ன அர்த்தம், நீ சொன்னது தப்பு, ஆனால் பாடுபட்டாய், அதனால் விட்டுவிடுகிறோம் என்றுதானே? இரக்கத்தை யார் கேட்டார்கள்? அந்தப் பிள்ளை கேட்கவில்லை. நிறையத் தாள்களில் கடைசியில் எழுதியிருப்பார்கள், ஐயா கருணை காட்டவும், அம்மா குடும்பக் கஷ்டம். இது எழுதவில்லை. மூன்று முறை சரிபார்த்தேன் என்று எழுதியிருக்கிறது. எனக்கு அந்த வரி ஏன் இப்படிக் குத்துகிறது என்றும் தெரியும். ஐந்தாம் வகுப்பு, நாகர்கோவிலில் ஓட்டுக் கட்டடப் பள்ளி, ரோஸ்லின் டீச்சர் நூறு வரையுள்ள பகா எண்களைப் பலகையில் எழுதுகிறார், எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றேழு. நான் எழுந்து, “டீச்சர், தொண்ணூத்தொண்ணு ஏழால போகும், ஏழு பதிமூணு” என்கிறேன். பிரம்பு வந்த சத்தம் ஞாபகம் இருக்கிறது, வலி ஞாபகமில்லை. வலிக்கு நான் கோபப்படவில்லை. மறுநாள் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு அப்பா வந்தார், கிரீஸ் கறை போகாத கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு டீச்சர் முன்னால் நின்றார், “சின்னப் பிள்ள, தெரியாம பேசிட்டா” என்றார், அப்புறம் என் பக்கம் திரும்பி, “டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும் பிள்ளே, மன்னிப்புக் கேளு” என்றார். அப்பாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியும். கடையில் மனக்கணக்காகவே எல்லாம் சொல்லுவார். தெரிந்துகொண்டுதான் சொன்னார். நானும் கேட்டேன், தொண்ணூற்றொன்று பகா எண்தான் டீச்சர் என்று முழு வாக்கியமாக, கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். முப்பத்து மூன்று வருஷமாயிற்று. அன்றிலிருந்தே நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேனா? முனைவர் பட்டத்துக்கான என் கட்டுரையில் வழிகாட்டி தன் பெயரை முதலில் போட்டபோது சரிங்க சார் என்றேனே, கல்லூரியில் என் வகுப்பு நேரத்தை மூன்றாக உடைத்துப் போட்டபோது பரவாயில்லைங்க சார் என்றேனே, அதெல்லாம் ‘தொண்ணூற்றொன்று பகா எண்தான் டீச்சர்’தானா? அப்பா மேல் கோபம் வருகிறது, இப்போது போய்க் கோபப்பட அவரும் இல்லை, அதனால் இன்னும் வருகிறது. பேனா தாளின்மேல் நின்றுகொண்டே இருந்ததில் ஒரு சிவப்புப் பொட்டு ஊறிவிட்டது. பொட்டைச் சுற்றிப் பத்து என்று எழுதினேன். முழுப் பத்து. கீழே கோடு போட்டேன். பயமில்லை என்று சொல்ல மாட்டேன்.

எழுதியதோடு விட்டிருக்கலாம். தாள் மறுபார்வைக்குப் போகும், சார் பத்தை அடித்து ஆறாக்குவார், எனக்குத் தெரியாமலே போகும். அது தெரிந்ததால்தான் எழுந்தேன், துணிச்சலால் இல்லை. மறுபடி மேடையேறினேன், சார் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார், அவரைத் தாண்டிப்போய்ச் சாக்பீஸை எடுத்தேன். இந்தக் கையில் வருஷக் கணக்காகப் பழகிய எடை. 536870911 என்று எழுதினேன், பலகையின் பாதியை அடைத்தது. இடப்பக்கம் 233. “மேடம், என்ன பண்றீங்க? இது கிளாஸ் ரூம் இல்ல” என்று பின்னால் குரல். ஐந்நூற்று முப்பத்தாறில் இரண்டு தடவை, மீதி எழுபது. எட்டை இறக்கு, எழுநூற்றெட்டு, மூன்று தடவை, மீதி ஒன்பது. ஏழை இறக்கு, தொண்ணூற்றேழு, போகாது, பூச்சியம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டேன், வகுப்பில் சொல்கிற அதே குரல், அது தானாக வருகிறது. “மேடம், உங்களத்தான்!” தொள்ளாயிரத்து எழுபது, நான்கு தடவை, மீதி முப்பத்தெட்டு. ஹாலில் தாள் புரட்டுகிற சத்தம் ஒவ்வொரு மேசையாக நின்றுகொண்டே வந்தது, முதுகில் கண் இருப்பதுபோல் தெரிந்தது. முந்நூற்று எண்பத்தொன்பது, ஒரு தடவை, நூற்று ஐம்பத்தாறு. ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்தொன்று, ஆறு தடவை, நூற்று அறுபத்து மூன்று. கடைசி ஒன்றை இறக்கினேன். ஆயிரத்து அறுநூற்று முப்பத்தொன்று. அங்கே நிறுத்தித் திரும்பினேன். முப்பது முகம். கோபத்தில் என் குரல் கீச்சென்று ஏறிவிட்டது, “இருநூத்து முப்பத்து மூணு ஏழு தடவ எவ்வளவு? யாராவது சொல்லுங்க.” தலைகள் தாள்களுக்குள் குனிந்தன. எல்லோரும் கணக்கு ஆசிரியர்கள். அப்புறம் மூன்றாவது வரிசையில் யாரோ ஒருவர், முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை, “ஆயிரத்து அறுநூத்து முப்பத்தொண்ணு” என்றார் மெதுவாக. பூச்சியம் போட்டேன். சாக்பீஸ் முறிந்தது.

ஆதிமூலம் சார் கத்துவார் என்று நினைத்தேன். அதற்குத்தான் தயாராக இருந்தேன், வார்த்தைகளெல்லாம் வரிசையாக நின்றன. அவர் கத்தவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, தானே வகுக்கத் தொடங்கினார். நடுவில் எங்கோ பிசகியது, அடித்தார், மறுபடி போட்டார், காதுமடல் சிவந்திருந்தது. முடித்துவிட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “முப்பது வருஷமா இதச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்” என்றார். என்னிடம் சொன்னாரா, தாளிடம் சொன்னாரா தெரியாது. எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒரு தடவை, முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை வகுத்துப் பார்த்திருந்தால் என்ன என்றுதான் வந்தது, உடனேயே என் இருபத்திரண்டு பத்துகளும் வந்தன, வாயை மூடிக்கொண்டேன். அவர் எழுந்து அலுவலக அறைக்குப் போனார், லேண்ட்லைனில் யாரிடமோ பேசினார், கால் மணி நேரம் கழித்து வந்து அறிவித்தார். கேள்வி தவறானது, ஆகவே அதை முயன்ற எல்லோருக்கும் முழுப் பத்து. எல்லோருக்கும்! பகா எண் என்று எழுதியவனுக்கும் பத்து, வெறும் கேள்வி எண்ணைப் போட்டவனுக்கும் பத்து, நாற்பத்தெட்டு தடவை வகுத்தவளுக்கும் பத்து. அவளா, அவனா, அதுவும் தெரியாது, தாளில் பெயர் கிடையாது, பல்கலைக்கழகம் ஒட்டிய ஒரு எண்தான். அந்தப் பிள்ளையிடம் நீ சொன்னதுதான் சரி என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஹாலில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள், பேனாக்கள் மறுபடி ஓடின. சார் என் மேசைப் பக்கம் வந்து குனிந்து, “நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம் மேடம்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். “சரி” என்றேன். இந்தத் தடவை ‘சார்’ சேர்க்கவில்லை.

பையில் பேனாவைப் போடும்போதுதான் மைதீன் பாத்து மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் ஜில்லென்று இருந்தன. “மேடம், நேத்து நான் ஒரு தாளுக்குச் சைபர் போட்டேன்.” “எதுக்கு?” “இதே கேள்விக்குத்தான். பகா எண் இல்லன்னு எழுதியிருந்துச்சு. நாலே நாலு வரி. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டுன்னு என்னமோ. எனக்குப் புரியல, குறிப்போட ஒத்துப்போகல, அடிச்சிட்டேன்.” நேற்றைய கட்டுகள் முத்திரை வைத்து அறைக்குள் போய்விட்டன, இன்றைய அறிவிப்பு கையிலிருக்கும் தாள்களுக்குத்தான். சாரிடம் போனோம், இரண்டு பேரும். “சீல் வெச்சாச்சு மேடம். மார்க்கெல்லாம் ஏத்தியாச்சு.” நான் வாயைத் திறப்பதற்குள் மைதீன் பாத்து மேடம், சற்று முன்னால் எதுக்கு வம்பு என்று சொன்ன அதே மனுஷி, “உடைங்க சார்” என்றார். “என் கையெழுத்துல ஒரு பிள்ளைக்குச் சைபர் கெடக்கு. அத அப்படியே விட்டுட்டு நான் எப்படி வீட்டுக்குப் போவேன்? நீங்க உடைக்கலன்னா நான் உடைப்பேன்.” அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார். அவரும்தான் வந்தார், அதைச் சொல்ல வேண்டும். அறை வாசலில் நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

ஜன்னல் இல்லாத அறை, அரக்கு வாசனை, சாக்குத் துணி. மூன்றாவது கட்டில் அந்தத் தாள் கிடைத்தது. வட்டமாக ஒரு பெரிய சைபர், ஐந்து பக்கம் இல்லை, நான்கு வரிதான். மைதீன் பாத்து மேடம் அதை அடித்துப் பத்து என்று எழுதினார், சுருக்கொப்பம் போட்டார், அறுபத்து மூன்றை எழுபத்து மூன்றாக்கினார், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “எழுபத்தஞ்சுக்கு எழுபத்து மூணு. யாரு மேடம் இந்தப் பிள்ள?” “தெரியாது. எண் மட்டும்தான இருக்கு.” நான் தாளை வாங்கினேன். இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால் அது 58இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும், இது முதல் வரி. 59 வகுக்காது. 117, 175 இரண்டும் பகா எண்களே அல்ல. அடுத்து 233, வகுக்கிறது. முடிந்தது. நாற்பத்தெட்டு வகுத்தல்களைத் தாண்டி இரண்டே வகுத்தலில் போய் நின்றிருக்கிறது. இதை நான் எப்போதோ எங்கோ படித்திருக்கிறேன், படித்துத் தேறி, பட்டம் வாங்கி, மறந்துமிருக்கிறேன். சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், புடவை பாழாகும் என்று தெரிந்தே. பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். 58 என்றால் இருபத்தொன்பதின் இரட்டிப்பு, அதில் ஏன் இருபத்தொன்பது வர வேண்டும்? சரி, போட்டுப் பார்த்ததில் அது வந்தது. அது ஏன் இரட்டிக்க வேண்டும்? வாசலில் சாவி குலுங்கியது. “பூட்டணும் மேடம், மணி அஞ்சாச்சு” என்றார் ஆதிமூலம் சார். “இருங்க” என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். முதல் வரி எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை.